கரை ஏறிய பின்

விமான நிலையத்திலே மாலை, வீட்டிலே விருந்து, தெருவிலே பேச்சு! வெளிநாட்டுப் பல்கலைக் கழகமொன்றில் ஓராண்டோ ஈராண்டோ பயின்றுவிட்டு ஊர் திரும்பும் மாணவருக்கு முதற்கிழமை இப்படித்தான் கழிகிறது. இரண்டாம் கிழமை, பழைய கல்லூரி. மூன்றாம் கிழமை, முறையீடு!

"ஒட்டவில்லை" என்கிறார். காற்று ஒட்டவில்லை, சோறு ஒட்டவில்லை, வகுப்பு ஒட்டவில்லை, விடுதி ஒட்டவில்லை. பெற்றோர் புன்னகை புரிகின்றனர். பேராசிரியர் முகம் சுளிக்கிறார். நண்பர்களோ, "துரைமகன் வருகிறார், வழி விடுங்கள்" என்று கேலி பேசுகின்றனர். ஆயினும் எல்லோரும் தருகின்ற மருந்து ஒன்றே: "போகப் போகச் சரியாகிவிடும்."

சரியாகிவிடுகிறது என்பதுதான் நமது கவலை.

வெயிலையும் வியர்வையையும் பற்றி நாம் பேச வரவில்லை. அவை இரண்டு மழைக்குள் பழகிவிடும். 'அங்கெல்லாம்...' என்று தொடங்கி ஒவ்வொரு பேச்சையும் நீட்டுவோரைக் கேலி செய்வதிலும் தவறில்லை. ஓராண்டு தேம்சு நதிக்கரையிலே நடந்ததனால் தாமிரபரணி இளப்பமாகத் தோன்றுமானால், குற்றம் ஆற்றில் இல்லை. (தாமிரபரணியிலே கழிவுநீர் கலக்கிறதே என்று வருந்தினால், அது வேறு. அந்த வருத்தத்தில் நாமும் பங்கு கொள்வோம்.) நாம் கேட்க விரும்புவது, எதனோடு ஒட்ட வேண்டும் என்று அந்த இளைஞரை இவ்வளவு பேர் வற்புறுத்துகிறார்கள் என்பதையே.

முன்னாளில் இந்தத் தொல்லை வேறு வடிவிலே இருந்தது. கடல் கடந்தாலே தீட்டு என்றது வைதிகம். கடந்தவன் சாதியை இழந்தான். இழந்ததை மீட்கப் பிராயச்சித்தம் வேண்டும், பிராயச்சித்தத்துக்குப் பஞ்சகவ்வியம் வேண்டும், புரோகிதருக்குத் தட்சிணையும் வேண்டும்! கணித மேதை இராமானுசன் 1914 மார்ச்சிலே சென்னையில் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சென்றார். உலகம் வியக்கும் புகழோடும், உடலை அரிக்கும் நோயோடும் 1919 மார்ச்சிலே திரும்பினார். இராமேசுவரம் அழைத்துச் சென்று தீட்டுக் கழிக்க வேண்டுமென்று தாயார் எண்ணியிருந்தார். உடல்நிலை இடந்தரவில்லை. 1920 ஏப்ரல் 26 அன்று, 32-ஆம் வயதில் அவர் மறைந்தபோது, வைதிக உறவினர் பலர் ஈமச் சடங்குக்கு வரவில்லை. கடல் கடந்த குற்றம் கழிக்கப்படவில்லையாம்! எண்களின் உலகத்திலே எவரும் எட்டாத தொலைவுக்குச் சென்று வந்தவரைச் சுற்றத்தார் அளந்தது, உப்புநீரைக் கடந்தாரா இல்லையா என்ற அளவுகோலால்.

இன்று எவரும் பஞ்சகவ்வியம் கேட்பதில்லை. மகன் கடல் கடந்தான் என்பது மணப்பந்தலிலே விலையை உயர்த்தும் செய்தியாகிவிட்டது. ஆகவே அந்தக் கொடுமை ஒழிந்தது என்று மகிழத் தோன்றும். நாமும் ஓரளவு மகிழ்கிறோம். ஆனால் உற்று நோக்கினால், பிராயச்சித்தம் இன்றும் நடக்கிறது. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை, வேள்விப் புகை இல்லை. திரும்பி வந்தவர் தமக்குத் தாமே அதனைச் செய்து கொள்கிறார். அயல்நாட்டிலே பழகிய சமத்துவத்தை வீட்டு வாயிற்படியிலே, செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைகிறார். தீட்டுக் கழிந்தது. 'பிள்ளை மாறவேயில்லை' என்று ஊர் மெச்சுகிறது!

மிகை என்று எண்ணுவோர், ஒரு தட்டைப் பின்தொடர்ந்து பாருங்கள். அயல்நாட்டிலே அவர் தம் தட்டைத் தாமே கழுவினார். கழிவறையைத் துலக்கினார். அறைத் தோழரோடு முறை வைத்துக் குப்பை சுமந்தார். உணவகத்திலே மேசை துடைத்து மணிக்கணக்கில் கூலி பெற்றவரும் உண்டு. அதைப் பெருமையோடு ஊருக்கு எழுதினார். படித்துப் பெற்றோரும் பெருமைப்பட்டனர். பேருந்திலிருந்து இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி கூறினார். கட்டடத்தைத் துப்புரவு செய்தவரின் பெயர் அவருக்குத் தெரியும். அவருடைய மகள் எந்த வகுப்பிலே படிக்கிறாள் என்பதும் தெரியும். அப்படிப்பட்டவர், திரும்பி வந்த நாலாம் நாள், கல்லூரி விடுதியிலே உண்ட தட்டை அப்படியே மேசைமேல் விட்டு எழுந்து போகிறார். எடுத்துச் செல்ல ஓர் அம்மா வருகிறார். அவருடைய தாயைவிட மூத்தவர். மூன்றாண்டுக் காலமாக அந்த விடுதியிலே தட்டுக் கழுவுகிறவர். அவர் பெயர் என்ன? தெரியாது. "ஏம்மா, இங்கே தண்ணி" — அவ்வளவுதான் பெயர்!

அப்படியானால், அங்கே அவர் ஒழுகிய ஒழுக்கம் அறமா, வெறும் வசதியா?

அவருக்காக வாதாடுவோர் கூறக்கூடும்: "அங்கே கூலி மிகுதி, ஆள் வைத்துக்கொள்ள மாணவரால் இயலாது, ஆகவே கழுவினார். குளிருக்குக் கம்பளி போர்த்தியது போல! வெயில் நாட்டுக்கு வந்து கம்பளியைக் கழற்றினால், அதைக் குற்றமென்பீர்களா?" திறமையான வாதம்தான். ஆனால் கம்பளி அவர் தோளோடு முடிந்தது. தட்டோ இன்னொருவர் கைக்குப் போகிறது. தாம் கழற்றியதைத் தாமே சுமப்பதில்லை என்ற இடத்திலே உவமை உடைந்து விழுகிறது.

ஆயினும் அந்த வாதத்திலே ஓர் உண்மை இருக்கிறது. நாம் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். வேறு வழியில்லாமல் செய்ததற்குப் பாராட்டுப் பெற ஒருவருக்கு உரிமை இல்லை. ஆள் கிடைக்காத நாட்டிலே தட்டுக் கழுவியவர் சமத்துவவாதி ஆகிவிடவில்லை. கழுவத் தெரிந்தவர் ஆனார். ஆள் கிடைக்கிற நாட்டிலே, அடுத்த மேசையில் இருப்பவர்களெல்லாம் விட்டுவிட்டு எழுகிற கூடத்திலே, தாம் என்ன செய்கிறோம் என்பதிலேதான் அவர் கற்றது உள்ளே இறங்கியதா என்பது தெரியும். அங்கே பாடம் மட்டுமே நடந்தது, தேர்வு இங்கே!

"அந்த அம்மாவின் பிழைப்பைக் கெடுக்கச் சொல்கிறீர்களா?" என்றும் சிலர் கேட்பர். ஏழைகளின் பிழைப்பைப் பற்றி இவர்களுக்குக் கவலை பிறப்பது இத்தகைய நேரங்களிலேதான். வேலையை நாம் இழிவென்று கூறவில்லை. அந்த வேலைக்கு எப்போதும் அதே சில தெருக்களிலிருந்தே ஆட்கள் வருவது ஏன், எத்தனை ஆண்டு உழைத்தாலும் அவர் 'ஏம்மா' என்ற நிலையிலேயே நிற்பது ஏன் என்று கேட்கிறோம்.

இதனால், அயல்நாடு அறத்தின் கோயில் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டாம். 1913-இல் அம்பேத்கர் நியூயார்க்கில் அடியெடுத்து வைத்தபோது, அதே அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே கருப்பின மக்களுக்குத் தனிப்பள்ளி, தனி இருக்கை என்று சட்டமே இருந்தது. நம்மவர் சென்ற இடத்துக்கு நம் சாதியும் சென்றிருக்கிறது. 2019-இல் பிராண்டைசுப் பல்கலைக் கழகம், பாகுபாட்டைத் தடுக்கும் தன் விதிகளிலே சாதியையும் சேர்த்தது. 2022-இல் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக் கழகமும், 2023 பிப்ரவரியிலே சியாட்டில் நகர மன்றமும் அவ்வாறே செய்தன. சேர்க்க வேண்டிய தேவை எப்படி வந்தது என்று எண்ணிப் பாருங்கள்! கடல் கடந்தால் சாதி போய்விடும் என்றது வைதிகம். அந்த ஒன்றாவது உண்மையாக இருந்திருக்கக் கூடாதா?

ஒருவருக்கு மட்டும் அது உண்மையாக இருந்தது, சில ஆண்டுகளுக்கு. பரோடா மன்னரின் உதவித்தொகையிலே கொலம்பியாப் பல்கலைக் கழகத்திலும், பின்னர் இலண்டனிலும் பயின்ற அம்பேத்கர், உதவிக் காலம் முடிந்தமையால் படிப்பை நடுவிலே நிறுத்திவிட்டு 1917-இல் திரும்பினார். வேறு கப்பலிலே அனுப்பிய அவருடைய நூல்கள், உலகப் போரின் கணைக்கு இலக்காகிக் கடலில் மூழ்கின. பரோடாவிலே பணி. இரயிலடியில் இறங்கியதும், எங்கே தங்குவது என்ற கேள்வி எழுந்தது. ஐந்தாண்டு அயல்நாட்டு வாழ்வு, தாம் தீண்டப்படாதவர் என்ற நினைவையே தம் உள்ளத்திலிருந்து துடைத்துவிட்டிருந்தது என்று அவர் பின்னாளிலே எழுதினார். பெட்டியிலே கொண்டுவந்த பட்டங்களைவிட அந்த மறதியே பெரிய செல்வம் என்போம். நினைவூட்டும் வேலையை நாடு மேற்கொண்டது! பார்சி விடுதியொன்றிலே, பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதித்தான் அவரால் தங்க முடிந்தது. பதினோராம் நாள், தடி ஏந்திய கூட்டம் வந்து வெளியேறச் சொன்னது. இந்து நண்பர் ஒருவரை நாடினார்; நீ என் வீட்டுக்கு வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்களே என்றார் நண்பர். கிறித்துவ நண்பர், மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். இரவு வண்டி வரும்வரை, பொருளாதாரம் கற்ற அந்த அறிஞர், பூங்காவிலே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஆண்டு, 1918 நவம்பரில், பம்பாய்ச் சிடன்காம் வணிகவியல் கல்லூரியிலே பேராசிரியரானார். வேறு கல்லூரி மாணவர்களும் வந்து கேட்குமளவுக்கு அவருடைய பாடம் சிறந்திருந்தது. உடன் பணியாற்றிய பேராசிரியர் சிலரோ, ஆசிரியர்களுக்கென வைக்கப்பட்டிருந்த தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்றனர்! கற்றோர் கூடிய அவையிலே, அறிவுக்குத் தடையில்லை, தாகத்துக்குத் தடை.

'போகப் போகச் சரியாகிவிடும்' என்ற அந்த அன்பு மருந்தை இந்த இடத்திலே நினைத்துப் பாருங்கள். எது சரியாக வேண்டும்? பானையா, அவரா? ஊரிலே எளிதில் ஒட்டிக்கொள்கிறவர்கள், தாம் இணக்கமான இயல்பினர் என்று மகிழ்ந்து கொள்கிறார்கள். அவர்கள் இல்லாத காலமெல்லாம் அவர்களுடைய இருக்கையை யாரோ துடைத்து வைத்திருந்தனர் என்பதே காரணம் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இருக்கை சற்றுக் கரடுமுரடாக இருக்கிறது என்று ஒருவர் முனகுகிறார். இருக்கையே இல்லை என்று ஒருவர் நிற்கிறார். இரண்டுக்கும் தமிழிலே 'ஒட்டவில்லை' என்ற ஒரே சொல்லா?

கொடியவர்களைக் காட்டிக் கண்டிப்பது எளிது. நம்மை வருத்துவது நல்லவர் ஒருவரின் கதை. வ.வே.சு. ஐயர் பாரிஸ்டர் படிப்புக்காக இலண்டன் சென்றவர். விடுதலை வேட்கையால் ஆங்கில அரசின் பகையைத் தேடிக்கொண்டு, 1910-இல் தப்பிப் புதுவை சேர்ந்தவர். திருக்குறளை ஆங்கிலத்திலே பெயர்த்தவர். 1922-இல் சேரன்மாதேவியிலே குருகுலம் நிறுவினார். பொதுமக்கள் பணமும் காங்கிரசுப் பணமும் சேர்ந்து வளர்த்த அந்தக் குருகுலத்திலே, பார்ப்பனச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனியே உணவு! பெற்றோர் வேண்டினர், அவர் இசைந்தார். பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் எதிர்த்தெழுந்தனர். 1924, 1925 ஆண்டுகளிலே தமிழ்நாட்டு அரசியலையே அந்த இரண்டு இலைகள் பிளந்தன. ஆனால் ஐயர் எல்லோரோடும் அமர்ந்து உண்ணக் கூடியவர், தம்மளவிலே சாதி பாராட்டாதவர் என்று அவரை அறிந்தோர் கூறினர். நாம் அதை நம்புகிறோம். நம்புவதனால்தான் வருந்துகிறோம். தம் இலை தூயதாக இருந்தது. தம் பொறுப்பிலிருந்த கூடத்திலே கோடு கிழிக்கப்பட்டது. 1925 சூன் திங்களிலே, பாபநாசம் அருவியிலே விழுந்த மகளைக் காக்கப் பாய்ந்து அவர் உயிர் நீத்தார். அருவியிலே குதிக்கத் துணிந்த நெஞ்சம் அது. வல்லரசை எதிர்க்க அஞ்சாத நெஞ்சம். இரண்டு பெற்றோரின் முகம் கோணுவதை மட்டும் அதனால் தாங்க முடியவில்லை!

அந்நியனை எதிர்க்க வேண்டிய வீரம் வேறு, அத்தையை மறுக்க வேண்டிய வீரம் வேறு. முன்னது வரலாற்றிலே இடம்பெறும். பின்னது சாப்பாட்டு வேளையிலே வரும், சலிப்புத் தரும், "இதற்குப் போயா இவ்வளவு?" என்று கேட்கப்படும். திரும்பி வந்த மாணவர் முன்னே நிற்பது இந்த இரண்டாவதுதான். அவர் அயல்நாட்டிலே கற்ற எந்த நூலிலும் இதற்குப் பாடம் இல்லை.

சேரன்மாதேவி இருக்கும் அதே நெல்லை மாவட்டத்திலே, நூறாண்டு கழிந்து, 2023 ஆகஸ்டில், நாங்குநேரியிலே பள்ளி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன் பயின்றவர்களே வீடு புகுந்து வெட்டினர். அதன் பின்னர் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 சூனில் தந்த அறிக்கையிலே, மாணவர்கள் மணிக்கட்டிலே சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. அந்த வயதுப் பிள்ளைகள்தாம் அடுத்தடுத்த ஆண்டுகளிலே கல்லூரி விடுதிக்கு வருகிறார்கள். எந்த மேசையிலே யார் உட்கார்வது என்று அங்கே எவரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் கயிற்றின் நிறம் தெரிந்தவர்களுக்கு மேசையும் தெரியும். திரும்பி வந்தவரும் தம் பழைய மேசைக்கே போகிறார். அங்கே, முன்பின் அறியாத பத்து நாட்டாரோடு கலந்து உண்டவர்!

"ஒரு மாணவனால் என்ன செய்ய முடியும்? மதிப்பெண் ஆசிரியர் கையிலே, சான்றிதழ் அலுவலகத்திலே" என்பர். உண்மை. புரட்சி செய்யுமாறு நாம் கேட்கவில்லை. ஆசிரியர் உள்ளே வரும்போது எழுந்து நிற்பதையும் நாம் குறை கூறவில்லை. மரியாதை வேறு, மண்டியிடுதல் வேறு. எழுந்து நின்றவர், உட்கார்ந்த பின் ஒரு வினா கேட்டால் போதும். கேட்டவரை ஆசிரியர் முறைத்தால், அன்று வகுப்பிலே பாடம் நடந்தது என்று பொருள்! மேசை மாறி உட்காரச் சான்றிதழ் தடையில்லை. பெயர் கேட்க மதிப்பெண் தடையில்லை.

பெரியார் 1931 டிசம்பரில் புறப்பட்டு, ஐரோப்பிய நாடுகளையும் சோவியத் நாட்டையும் கண்டு, 1932 நவம்பரில் ஈரோடு மீண்டார். மாணவராகச் சென்றவரல்லர், திரும்பியபோது வயது 53. வந்ததும் 'குடி அரசு' இதழிலே அவர் விடுத்த வேண்டுகோள், இனிப் பெயர்களுக்கு முன்னே ஸ்ரீ, திரு என்ற வரிசை வேண்டாம், 'தோழர்' என்றே அழைத்துக் கொள்வோம் என்பது. பயணத்திலே வாங்கி வந்த பொருள் அந்த ஒரு சொல். சுங்கத் தீர்வை இல்லாத பொருள். ஆனால் இங்கே அதைப் பயன்படுத்தியவர்கள், ஊரிலே அதற்குரிய தீர்வையை நன்றாகவே செலுத்தினார்கள்.

மாணவியரைப் பற்றித் தனியே எழுத வேண்டும், இங்கே இடம் போதாது. நள்ளிரவிலும் நூலகத்திலே அமர்ந்து படித்துவிட்டுத் தனியே அறைக்கு நடந்தவர், இங்கே பொழுது சாய்ந்ததும் விடுதிக் கதவுக்கு உள்ளே நிற்க வேண்டும். ஆண்கள் விடுதிக் கதவோ அவ்வளவு விரைவிலே உறங்குவதில்லை. 2015-இல் டெல்லி மாணவியர் 'கூண்டை உடை' என்று பொருள்படும் பெயரோடு இயக்கம் தொடங்கியது இதை எதிர்த்துத்தான். கதவைத் திறந்தால் பெண்ணுக்கு ஆபத்து என்கிறார்கள். ஆபத்தாக இருப்பவன் வெளியே உலவ, ஆபத்துக்கு ஆளாகக் கூடியவளைப் பூட்டி வைக்கும் நியாயம், எந்த நாட்டுத் தருக்கம்?

இவள் வீட்டுக்குப் போனால் வேறொரு காட்சி. அண்ணனும் தங்கையும் அயல்நாட்டிலே ஒரே நகரத்திலே படித்தவர்கள், ஒரே விமானத்திலே திரும்பியவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே திங்கள் கிழமை அவன் சமையல், செவ்வாய்க் கிழமை இவள். உண்ட தட்டை அவரவர் கழுவினர். இங்கே, முதல் ஞாயிற்றுக் கிழமை, கூடத்திலே உணவு முடிகிறது. அண்ணன் கை கழுவ எழுகிறான். தட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. தங்கை ஒரு கணம் அவனைப் பார்க்கிறாள். அவன் பார்க்கவில்லை. அவள் குனிந்து இரண்டு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள். தாயார் பக்கத்து வீட்டு அம்மாளிடம் மலர்ந்த முகத்தோடு கூறுகிறார்: "பாருங்களேன், வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, எவ்வளவு நன்றாகப் பழகிவிட்டாள்!"